மெஷின் நீ, வாசிப்பவன் நான்

இன்று பகல் அலுவலகத்தில் கரண்ட் போய்விட்டது. எதிர்க்கடைக்காரன் ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்ப, மண்ணெண்ணெய்ப் புகை யன்னல் வழியே உள்ளே வந்தது. திரை இருண்டதும் என் கை தானாகவே பென்சிலைத் தேடியது. உடனே உன் ஞாபகம். அன்போடுதான் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

கல்முனையில் நாம் கணினி படித்த மாடி அறையில் இதே வாடைதான். வகுப்பு முழுவதற்கும் ஒரே இயந்திரம். கரண்ட் இருப்பதை விட இல்லாத நேரம் அதிகம். ஜெனரேட்டரையும் நெடுநேரம் ஓட்ட முடியாது. அதனால் படிப்பித்த சேர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: "பேப்பர்ல பிழை இல்லாட்டித்தான் மெஷினுக்குக் கிட்ட வரலாம்."

பிழை பார்க்க நாம் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போவோம். வள்ளத்து நிழலில் உட்கார்ந்து நான் தாளில் எழுதிய நிரலை வரி வரியாக வாசிப்பேன். நீதான் மெஷின். ஒவ்வொரு வரிக்கும் விடை என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். பாதியில் நிறுத்திவிடுவாய்.

"என்னடா?"

"மெஷினுக்குப் பசிக்கிது மச்சான். வடை வாங்கித் தந்தாத்தான் மறுகா ஓடும்."

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று பெரிய கம்பனிகள் பயந்துகொண்டிருந்த காலம் அது. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஆள் எடுத்தது. இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத எனக்கு இருந்த ஒரே கதவு அது. உனக்குத் தெரியும். உனக்காவது வாப்பாவின் கடை இருந்தது.

குளிரூட்டிய அறை. ஆளுக்கொரு கணினி. உன் மேசையும் என் மேசையும் கைக்கெட்டும் தூரம். இரண்டு திகதிகளைக் கொடுத்தால் இடையில் எத்தனை நாள் என்று சொல்லும் நிரலை எழுத வேண்டும். நாம் இருவருமே தாளை எடுத்தோம். சுற்றியிருந்த கொழும்புப் பிள்ளைகள் யோசிக்கக்கூட இல்லை. விசைப்பலகைகள் மழை மாதிரிச் சத்தமிட்டன. நீ தலையை நிமிர்த்திப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். என் பென்சிலையும் பார்த்தாய். உன் தாளை மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினாய்.

நான் தாளில் பிழை பார்த்து முடித்து, திரையில் நாலைந்து வரி ஏற்றும்போது நேரம் முடிந்தது. தேர்வுக்குப் பொறுப்பான பெண்மணி என் தாளை எடுத்து நின்று வாசித்தார். முழுவதும் சரி என்றார். ஆனால் தாளை ஓட்டிப் பார்க்க முடியாதே என்று சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீயே பேச்சைத் தொடங்கினாய்.

"நீ எழுதினதுதான் மச்சான் சரி. நான் அடிச்சதுல ரெண்டாயிரமாம் வருசத்துப் பெப்ரவரி பிழைச்சிப் போச்சி."

"அப்ப ஏன்டா என்னத் தட்டி, தாள விட்டுட்டு மெஷின்ல அடி எண்டு செல்லல்ல? பக்கத்திலதானே இருந்தாய்?"

"தட்டினா ரெண்டு பேரையும் எழுப்பி வெளிய அனுப்பியிருப்பாங்க."

இருக்கலாம். ஆனால் ஒரு இருமல் போதும். உன் மேசையை விரலால் ஒரு தட்டு தட்டியிருந்தாலும் நான் திரும்பிப் பார்த்திருப்பேன். பிழையோடு நீ உள்ளே போனாய். சரியோடு நான் ஊருக்கு வந்தேன். இந்த அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, இங்கேயே தலை நரைத்துவிட்டது. பெருநாளுக்கு வரும்போதெல்லாம் நீ வீட்டுக்கு வந்தாய். தேத்தண்ணி கொடுத்தேன். அந்த அறையைப் பற்றி நீயும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கொழும்பில் உன் இதயம் நின்றுபோய், ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவந்த அன்று மையவாடியில் அடக்கிவிட்டுத் திரும்பும் வழியில் உன்னோடு வேலை செய்த ஒருவர் என்னோடு நடந்து வந்தார். அக்கரைப்பற்றுக்காரர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"எங்கட பக்கத்துப் பொடியன்மார் இன்டவியூக்கு வந்தா, இந்தச் சேர் தன்ட வேலைய விட்டுட்டு வெளிய வருவாரு. 'பேப்பர்ல எழுதிட்டு இருக்காதீங்க தம்பி. மெஷின்ல கைய வைங்க. பிழைச்சாப் பிழைக்கட்டும், அது ஒடஞ்சி போகாது' எண்டு செல்லுவாரு. எனக்கும் செல்லித்தான் உள்ளுக்கு அனுப்பினாரு."

"எப்ப இருந்து அப்படிச் செல்லுறாரு?"

"சேர்ந்த காலத்திலயிருந்தே எண்டுதான் மத்தவங்க செல்றாங்க."

முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லாததால்தான் அவர்களுக்கெல்லாம் சொன்னாய் என்று விளங்காத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. விளங்குவது வேறு, மனம் ஆறுவது வேறு. உனக்காகத் துஆ கேட்கிறேன். அதில் குறை வைக்கவில்லை. அந்த மேசையையும் மறக்கவில்லை.

அலுவலகத்துக்கு இப்போதும் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுக்கிறேன். கரண்ட் இருந்தாலும் முதலில் தாளில்தான். இன்றும் எழுதி முடித்துவிட்டு, ஜெனரேட்டர் சத்தத்துக்குள் மெல்ல வாய்விட்டு வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் விடை உன் குரலில்தான் வருகிறது. பாதியில் நிறுத்துகிறாய். வடை கேட்கிறாய். அந்த இடத்தைத் திரும்பப் பார்த்தால், அங்கேதான் என் பிழை இருக்கிறது.