விடாதே கைமடி

என் சரவணக் கண்ணுக்கு,

போன இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தட்டைப் பக்கத்தில் ஆற வைத்துவிட்டுப் படம் போட்டுக்கொண்டே இருந்தவனிடம் வேறு என்ன கேட்பது. அம்மா இன்னமும் சோறு வைக்கும்போது உன் தட்டையும் சேர்த்து எடுத்துவிடுகிறாள். எடுத்த பிறகு திரும்ப வைக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது, தம்பி. கம்பெனி வேலையால் அல்ல. செக்கிங் டேபிளில் பீஸைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடுவது பழகிப்போனதுதான். உன் ரசிகர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம் கைமடியை நினைத்துப் பார்க்கிறேன். டெய்லர் பக்கத்தில் நின்று, தைத்த துணியை எடுத்து மடித்து அடுக்கும் ஆளுக்குப் பனியன் கம்பெனியில் கைமடி என்று பேர். லீவு நாளில் நீ பார்த்த வேலை. அந்தப் பேரையே ஒரு சூப்பர் ஹீரோவுக்கு வைத்து, எதை மடித்தாலும் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் என்று ஒரு சக்தியும் கொடுத்தாய். சுவரை மடித்தான், பாலத்தை மடித்தான், தாராபுரம் ரோட்டையே போர்வை மாதிரி மடித்து ஒரே எட்டில் தாண்டினான். நான் வசனம் எழுதினேன். வாரம் ஒரு பாகமாகப் போனில் நம் பக்கத்தில் போட்டோம். ஊரே படித்தது.

அப்புறம் அந்தப் பழிவாங்கும் கதையை ஆரம்பித்தாய். கருஞ்சாயன் என்று ஒரு வில்லன், அவன் கையால் கைமடியின் அக்கா சாகிறாள். "ஏன்டா, நானே சாகோணுமா? உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று சண்டை போட்டேன். "அக்கா செத்தாத்தான் சனம் அழுகும், சும்மா இருக்கா" என்று சிரித்தாய். கதையில் என்னை அனுப்பிவிட்டு நிஜத்தில் நீ கிளம்பிவிட்டாய். இது எந்த ஊர் நியாயம்?

கைமடி கருஞ்சாயனின் கழுத்தைப் பிடித்து மடிக்கப் போகிற இடத்தோடு உன் கடைசிப் பாகம் நின்றது. அதைப் போட்ட வாரம்தான் மழையில் அவிநாசிபாளையம் தாண்டி வண்டியில் வந்துகொண்டிருந்த உன்னை, ஆள் ஏற்றும் கம்பெனி வேன் பின்னால் இருந்து இடித்தது. டிரைவர் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் ஓட்டிவிட்டுக் கண் அசந்துவிட்டான் என்கிறார்கள். கேஸ் நடக்கிறது.

கதைக்கு முடிவு எழுதும் பாரம் என் தலையில் விழுந்தது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: விடாதே கைமடி. படத்துக்குக் கீழே வரிசையாக அதையேதான் எழுதுகிறார்கள். ஒருத்தர் மெதுவாக மடிக்கச் சொல்கிறார், இன்னொருத்தர் எலும்பு நொறுங்கும் சத்தத்தையும் எழுதச் சொல்கிறார். மன்னித்து விட்டால் இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கோபித்துக்கொள்கிறது ஒரு பெண்பிள்ளை. கம்பெனியில் சூப்பர்வைசர், "ஏனுங்க்கா, கொன்னுருவானுங்களா, மாட்டானுங்களா? அத மட்டும் சொல்லீருங்க" என்று என் டேபிளையே சுற்றுகிறார். அயர்ன் செக்சன் பிகார்ப் பையனுக்கு ஒரு எழுத்து தமிழ் தெரியாது, படம் மட்டும்தான் பார்ப்பான். அவனும் கழுத்தில் கையை வைத்துக் காட்டி, "தீதீ, சோட்னா மத்" என்கிறான். விடக்கூடாதாம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ அந்த வேன் டிரைவரின் போட்டோவைத் தேடிப் பிடித்து, இவன்தான் நிஜக் கருஞ்சாயன் என்று போட்டுவிட்டார்கள். கொமரலிங்கம் ஊர்ப் பையன், உன் வயசுதான், ஒரு காதில் கடுக்கன். உன் பிரிண்டிங் பட்டறைக் கூட்டாளி கோகுல் என்ன செய்தான் தெரியுமா? உன் நினைவாக டீசர்ட் அடிக்கிறோம் என்று, உன் கடைசிப் படத்தில் வில்லனுக்கு அந்தப் பையனின் முகத்தை வைத்து, முதுகு முழுக்க அச்சடித்துவிட்டான். கீழே பெரிய எழுத்தில், விடாதே.

முதலில் அடித்ததில் கலர் ஒன்றோடொன்று சேராமல் விலகிப்போனதாம். அதை ஒதுக்கிப் போட்டிருக்கிறான். இந்த ஊரில் ஒதுக்கிய பீஸ் என்றைக்குக் குப்பைக்குப் போயிருக்கிறது? பழுதுக்காகக் கழித்த மற்ற செகண்ட்ஸ் கட்டோடு சேர்ந்து, மலிவு விலைக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போய்விட்டது. நல்லதாக வந்ததில் ஒன்றை என்னிடம் கொடுத்தான். வாங்கி பீரோவில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை, கண்ணு. சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வந்தார். வேட்டி, வெளுப்பு மாறாத புது டீசர்ட், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே நின்றார்.

"கும்புடறனுங்க அம்மிணி. கொமரலிங்கத்துல இருந்து வாரனுங்க. அந்த வேன் ஓட்டுன பையனோட அப்பனுங்க."

உள்ளே வாங்க என்று என் வாய் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"கேஸப் பத்திப் பேச வரலீங்க. தப்பு தப்புதானுங்க, கோர்ட்டு என்ன சொல்லுதோ அப்படியே ஆகட்டுங்க. பையன் சோறு திங்கறதில்லீங்க. போனுல 'விடாதே, விடாதே'ன்னே வந்துட்டு இருக்குதுங்க. யாரு அனுப்பறாங்க, எதுக்குன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியிலீங்க. அவன் கெணத்துப் பக்கம் போனா நானும் பின்னாடியே போறனுங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

தெரியும் என்றேன். நிறுத்தச் சொல்கிறேன் என்று சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் மகன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. நீ இல்லாத வீட்டு வாசலில் நின்றுகொண்டு தன் பிள்ளை சாப்பிடவில்லை என்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. பழத்தை வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டு, "வாரனுங்க அம்மிணி" என்று செருப்பு மாட்டத் திரும்பினார்.

அவர் முதுகில் அந்தப் படம் இருந்தது.

கலர் விலகிப்போன படம். கைமடியின் கை, பிடிபட்ட கழுத்து, காதில் கடுக்கன், கீழே விடாதே. நம் ஊரில் பனியனில் என்ன அடித்திருக்கிறது என்று யார் பார்த்துப் போடுகிறார்கள்? சந்தையில் கட்டாக விலை மலிவாகக் கிடைத்திருக்கும், புதுசாக இருக்கிறதே என்று மாட்டிக்கொண்டு வந்திருப்பார். பெற்ற பிள்ளையின் கழுத்தை நெரிக்கிற படத்தை முதுகில் சுமந்துகொண்டு, பஸ் ஏறி, அத்தனை சனத்துக்கும் காட்டிக்கொண்டே என் வாசல் வரைக்கும் வந்திருக்கிறார்.

"இருங்க, இருங்க. முதுகுல சாயம் அப்பியிருக்குதுங்க. கழட்டிக் குடுங்க, வேற சட்டை தாரேன்."

"அட, அழுக்குதானுங்க. பரவால்லீங்க அம்மிணி."

"இல்லீங்க. நீங்க இப்படி பஸ்சுல போகக் கூடாதுங்க. கழட்டுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் கழற்றினார். பழனிக்குப் போட்டுப் போகலாம் என்று நீ வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தோளில் கொஞ்சம் தொளதொள என்றுதான் இருந்தது. யாருடைய சட்டை என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது போல, பட்டனை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

"இனி வராதுங்க. நான் நிறுத்தச் சொல்றேன். பையனச் சாப்பிடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நீ போகிற மாதிரியே இருந்தது. அம்மா உள்ளே இருந்து வந்து, "அந்தச் சட்டைய யாருக்குடி குடுத்தே?" என்றாள். சொன்னேன். தெருமுனையை எட்டிப் பார்த்தாள். அப்புறம், "கழுத்துப் பட்டன் ஒண்ணு லூசா இருந்துச்சே, தெச்சுக் குடுத்திருக்கலாம்" என்றாள்.

கோகுலைக் கூப்பிட்டு, மிச்சம் இருந்த டீசர்ட்டை எல்லாம் வாங்கிக்கொண்டேன். "பாசத்துலதானுங்க்கா பண்ணுனோம்" என்று அழுதான். தெரியும். பாசம்தான். போனில் நம் பக்கத்தில் யாரோ போட்டிருந்த அந்தப் பையனின் போட்டோவை எடுத்துவிட்டேன். யாரும் அவனுக்கு எதுவும் அனுப்பக் கூடாது, இது சரவணனின் அக்கா சொல்வது என்று எழுதிப் போட்டேன். அதற்கும் ஏச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. தம்பி ரத்தம் காய்வதற்குள் மறந்துவிட்டாள் என்கிறார் ஒருத்தர்.

முடிவு எழுதிவிட்டேன், சரவணா. உனக்குப் பிடிக்குமா, தெரியவில்லை. பிடிக்காவிட்டால் கனவில் வந்து சண்டை போடு, அப்படியாவது வா. கைமடி கருஞ்சாயனின் கழுத்தில் இருந்து கையை எடுக்கிறான். அவனுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. குனிந்து ரோட்டைப் பிடித்து மடிக்கிறான். அந்த முனையில் இருந்த கருஞ்சாயனின் வீடு இந்த முனைக்கு வருகிறது. வாசலில் கருஞ்சாயனின் அப்பன் நீலச் சட்டையோடு நிற்கிறார். மகனை அவரிடம் விட்டுவிட்டுக் கைமடி தனியாக நடந்து வருகிறான். கோகுல் வரைகிறேன் என்றிருக்கிறான். எத்தனை பேர் ஏசினாலும் இந்த முடிவை மாற்றமாட்டேன், உன்மேல் சத்தியம்.

கதையில் நீ சாகடித்தும் இன்னும் உயிரோடு இருக்கிற,
உன் அக்கா.