மடைக்கு ஓர் ஒப்பாரி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

எங்கள் சமூக வானொலியின் நிகழ்ச்சிக் குழு இன்று கூடியது. கண்மாய் மடையை யாரோ மண் போட்டு மூடிவிட்டதைப் பற்றி, பத்து நாள் திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு பஸ்ஸில் அலைந்து நான் தயாரித்த நிகழ்ச்சியை ஒரே நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். "இது செய்திம்மா. சொந்தமா செய்தி சொல்ல நமக்கு அனுமதி கெடையாது. லைசென்ஸு போயிரும்" என்றார் பொறுப்பாளர். விதி எனக்கும் தெரியும்.

அடுத்து, என்னைப் போலவே நிகழ்ச்சி தயாரிக்கும் செல்வி தன் பதிவைப் போட்டாள். அதே மடைதான். ஒப்பாரியாகப் பாடியிருந்தாள். "மடையே, ஒன் வாய அடச்சது யாரு?" பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது நாட்டுப்பாட்டு. தாராளமா போடலாம்." என் நிகழ்ச்சிக்கு நான் கேட்டிருந்த நாளை மாலை ஆறு மணியையும் அவளுக்கே கொடுத்தார்கள். மடை மூடிய சேதியை அவளுக்குச் சொன்னதே நான்தான். வெளியே வந்ததும், "எல்லாம் ஒங்களாலதான்க்கா" என்று கையைப் பிடித்தாள். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது அந்த வரி தானாக என் வாயில் வந்தது.

"நல்லாருக்கே, நீ எழுதுனதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா" என்றுவிட்டேன்.

நாளை ஆறு மணிக்கு அவர் தவறாமல் ரேடியோவைப் போடுவார்.