ருஷ்யாவுக்கு அனுப்பும் முடிவு

கோபன்ஹேகன்,
9 மார்ச் 1931

அன்பு மகன் ஐனாருக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் இனெஸும் குட்டிப் பேத்தி இங்கரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று அடுத்த வரியைக் கை தானாகவே எழுதப் போனது, பிடித்து நிறுத்தியிருக்கிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் கோபிக்காதே, காரணம் சொல்கிறேன்.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அர்ஜென்டினாவில் பக்கத்து நிலத்தையும் வாங்கப்போவதால் இந்த வருஷம் வர முடியாது, இரண்டு வருஷம் கழித்துக் குழந்தையோடு வருகிறேன், அதுவரை அவள் படம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குத்தான் பேசும் படத்தில் வேடம் கிடைத்துவிட்டதே, கண்ணும் சொட்டு மருந்தில் தேறிவிட்டதே, அவசரம் என்ன என்றும் கேட்டிருந்தாய். உன்மேல் தப்பில்லை, அப்படியெல்லாம் எழுதியவள் நான்தான். ஆனால் இனிமேலும் அப்படிப் பொய் எழுத எனக்குத் தெம்பில்லை ஐனார், அலுத்துப்போய்விட்டது.

இப்படி நல்லதாக மாற்றிச் சொல்லப் பழகின இடம் சினிமா ஸ்டூடியோ. தொப்பிக்கடையில் வேலைக்கு நின்றவளைக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் நிறுத்தினார்கள், பன்னிரண்டு வருஷத்தில் எண்பது படம். பல படங்களுக்கு இரண்டு முடிவு எடுப்போம், உனக்கு அப்போது புரிந்திருக்காது. காலையில் எனக்குக் கல்யாணம், அது நம் ஊருக்கும் அமெரிக்காவுக்கும். ரொட்டியும் மீனும் தின்றுவிட்டு வந்து மதியம் சாவேன், அது ருஷ்யாவுக்கு, அவர்களுக்கு அழுதால்தான் டிக்கெட் விற்கும். ஒருமுறை படப்பெட்டி மாறிப்போய் நம் ஊர்க் கொட்டகையிலேயே நான் கடலில் விழுந்து செத்தேன். மறுநாள் கால்வாய்க்கரைக்கு மீன் வாங்கப் போனால் மீன்காரி ஸ்டினே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி, உனக்காக அழுது அழுது மூஞ்சியே வீங்கிக் கெடக்கு, நீ என்னடான்னா காலங்காத்தால வந்து மீன் என்ன வெலைங்கிற!" என்று கத்தினாள். சந்தையே சிரித்தது. அன்றைக்குத் தொடங்கிய சிநேகம், இன்றுவரை அவளிடம்தான் மீன் வாங்குகிறேன்.

அந்த ஸ்டூடியோ விளக்குகள்தான் என் கண்ணைத் தின்றன. ஆர்க் விளக்கு, முகத்துக்கு நேரே, நாள் முழுக்க. கண் சிவந்து தண்ணீராகக் கொட்டினால் டைரக்டர், "நல்லதாப் போச்சு, அழுகைக் காட்சிய இப்பவே எடுத்துடலாம்" என்பார். வீட்டுக்கு வந்து கண்மேல் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்துக்கொண்டு படுப்பேன், அம்மா தூங்குகிறாள் என்று நீ சத்தம் போடாமல் விளையாடுவாய். பிறகு யுத்தம் வந்து ருஷ்யாவுக்குப் படம் போவது நின்றது, கம்பெனி படுத்தது, உன் அப்பாவும் போய்ச் சேர்ந்தார், கடைசியில் படமே பேச ஆரம்பித்துவிட்டது. எனக்கு எந்த வேடமும் கிடைக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சொட்டு மருந்தும் கேட்கவில்லை. குளிர் தொடங்கும் வரை பார்வை தாங்கினால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை ஸ்டினேயிடம் செம்புள்ளி மீன் கேட்டுவிட்டு, புள்ளியே இல்லாத மீனைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு வேறு மீனைப் பொட்டலம் கட்டினாள். பிறகு மெதுவாக, "எத்தன நாளா இப்படி? புள்ளைக்கு எழுதினியா?" என்றாள். எழுதினேன், நன்றாக இருக்கிறேன் என்று எழுதினேன் என்றேன். வந்ததே கோபம் அவளுக்கு. "அவனுக்கும் கல்யாணப் பெட்டியவே அனுப்பிட்டியா? ஊரு காசு குடுத்துப் பாத்துச்சு, ஏமாத்தின, சரி. இவன் பெத்த புள்ளடி. ருஷ்யாக்காரனுக்கு அனுப்புவியே, அத அனுப்பு இவனுக்கு!" என்று நாலு பேர் பார்க்கத் திட்டினாள். எனக்கும் ரோஷம் வந்தது, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிலத்தை வாங்காதே என்று சொல்லமாட்டேன், உன் பிழைப்பு உனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, இனெஸிடம் எரிந்து விழாதே. குழந்தையை வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே, வெளிச்சம்தானே என்று அலட்சியமாக இருந்து கெட்டவள் சொல்கிறேன். கடவுள் உங்கள் மூன்று பேரையும் கண்போலக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கரின் படத்தை அனுப்பாதே. என் முகத்தைப் படத்தில் பார்த்தே ஊர் உலகமெல்லாம் திருப்திப்பட்டது, எனக்கு அது போதாது. இந்தக் கோடையில் அவளைத் தூக்கிக்கொண்டு வா. கண் தெரியும்போதே ஒரு தரம் பார்த்துவிடுகிறேன்.

உன் அம்மா,
ஆல்வில்டா