டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

ஐப்பசி 9, செவ்வாய், சிதம்பரம். நான் சொல்ல, வீட்டுக்காரி எழுதுகிறாள்.

காலையில் மகள் செல்விக்குக் குடல்வால் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "பெரியவரே, உங்க குடும்பத்துல யாருக்காச்சும் மயக்க ஊசி போட்டு மூச்சு திரும்பாம போயிருக்கா?"

கத்தி வைக்கிற நேரத்தில் சாவுப் பேச்சு ஆகாதென்று, "அதெல்லாம் இல்லீங்க" என்றேன். கடலூரில் என் தம்பி அப்படித்தான் போனான்.

ஆபரேஷன் முடிந்தும் செல்விக்கு மூச்சு திரும்பவில்லை; நாலு மணி நேரம் மெஷின்தான் மூச்சு விட்டது. நான் பக்கத்தில் நின்று அழுதேன். "தசையத் தளர்த்துற மருந்தக் கரைக்கிற சத்து இவங்க ரத்தத்துல இல்ல. பரம்பரையா வர்றது. சொல்லியிருந்தா வேற மருந்து போட்டிருப்பேன்" என்றார் டாக்டர்.

கண் விழித்த செல்வி, "நீ அழுவுறது கேட்டுச்சுப்பா. கைய அசைக்க முடியல" என்றாள்.

அன்று கடலூரில், ஊசிக்குப் பிறகு அசையாமல் கிடந்த தம்பியை நான், "எந்திரிடா சோம்பேறி" என்று உலுக்கினேன். அவனுக்கும் கேட்டிருக்கும்.