சீசரை இறக்குதல், ஏற்றுதல்

செப்டம்பர் 13, வெள்ளி. உப்புவெளி

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட பிள்ளையின் துணியெல்லாம் மணல். இரண்டாம் தரம் அலசல். பேக்கரி வாசலில் பாண் கியூவில் ஒரு மணித்தியாலம், என் முறை வர முடிந்துவிட்டது.

சீசர் இன்று பஸ் படியில் விழுந்தான். முன்னங்கால்களை மேல்படியில் வைத்தான், பின்கால்கள் வரவில்லை. அப்படியே சரிந்து மணலில். கத்தவில்லை. எழும்பிச் சக்கரத்தை மோந்து பார்த்தான், அதற்காகத்தான் வந்தவன் போல.

பக்கத்து மீன்வாடியின் றோசம்மாக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, பஸ்ஸிலையே சீவியம். நாய்க்கும் ரிக்கற் எடுத்தனீரோ?"

சிரித்தேன். வேறென்ன செய்வது. ஏலத்தில் எடுத்த பழைய பஸ். ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டில், அலுமாரி, அடுப்பு மேசை. நில அளவை வேலை ஊர் ஊராக மாறும், வீடும் கூடவே வரும் என்று கலியாணமான புதிதில் இவர் சொன்னபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது. பட்டப்படிப்புப் படித்துவிட்டு இரண்டு ஜன்னலுக்கு நடுவே குசினி.

பொழுதுபட இவர் வந்து சொன்னது: அடுத்த வேலை வெருகல் பக்கம். மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். மற்றக் கிழமை முடியப் பயணம்.

"வழியிலை துறை எத்தினை எண்டு தெரியுந்தானே? ஒவ்வொண்டிலையும் இறங்கி ஏறோணும்."

தெரியும். ஆறுகளுக்குப் பாலம் இல்லை. பாதை என்று சொல்கிற மிதவையில் வெறும் வண்டியைத்தான் ஏற்ற விடுவார்கள். ஆட்கள் இறங்கி, நடந்து ஏறி, அக்கரையில் மறுபடி வண்டிக்குள்.

"சீசரைப் பக்கத்து வாடி அந்தோனி அண்ணையிட்டை விட்டிட்டுப் போவம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கு முதலே உங்களோடை வந்தவன் அவன்" என்றேன்.

கலியாணத்துக்கு முன் காட்டில் கூடாரத்துக்கு வெளியே காவல் கிடந்த நாய் இது. பன்னிரண்டு வயதாவது இருக்கும்.

செப்டம்பர் 14, சனி

வெயில். பிள்ளைக்கு வேர்க்குரு, கழுத்திலும் முதுகிலும்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, பிள்ளைக்குப் பௌடர், வடகயிறு.

படிக்குப் பதிலாகப் பலகை வைத்துப் பார்த்தோம். சீசர் பாதி ஏறினான், நகம் பிடிக்கவில்லை, வழுக்கி முழங்காலில் இறங்கினான். றோசம்மாக்காவின் புருஷன் அந்தோனி அண்ணை வலையை விட்டுவிட்டு வந்தார்.

"தம்பி, வெறும் பலகையிலை மனுசனே வழுக்குவான். வள்ளத்துக்குப் பூசின தார் மிச்சம் கிடக்கு. பூசி, மணலைத் தூவி விடுங்கோ. நாங்கள் வள்ளத்துக்குப் போடுற பலகையெல்லாம் அப்பிடித்தான்."

"உங்கடை தாருக்கு நாய் ஏறுதோ இல்லையோ, எங்கடை பானை சட்டியெல்லாம் தார் ஏறிக் கிடக்கு" என்றார் றோசம்மாக்கா வாடிக்குள் இருந்து.

ஆண்கள் இருவரும் பின்னேரம் முழுக்க அதே வேலை. இவர் சிரித்து எத்தனை நாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

விடியக்காலை சீசர் ஏறினான்! மெதுவாக, மூச்சு வாங்கி, ஆனால் தானாக. மேலே வந்து என் பாயில் படுத்தான், வாலால் தரையில் இரண்டு தட்டு. திரும்பத் தானே இறங்கினான். இவர் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்.

"வெருகலுக்கு வாறான்" என்றார்.

கண் பட்டுவிடும் என்று எனக்குப் பயம். பிள்ளைக்கும் சீசருக்கும் சேர்த்து மிளகாய் சுற்றிப் போட்டேன். படித்த பெட்டையாம் நான்.

செப்டம்பர் 16, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

மத்தியானம். இவர் வேலைக்கு. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சீசர் வெளியே வேப்பமர நிழலில். தண்ணீருக்காக ஏறியிருப்பான். சத்தம் கேட்டுப் பார்த்தால் பலகையின் நடுவில் நிற்கிறான், நாலு காலும் தாரில். உருகிப் பளபளவென்று இருந்தது. ஒரு காலைத் தூக்க மற்றது புதைகிறது. அந்தச் சத்தம் நாய்ச் சத்தம் இல்லை.

பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். பிய்த்து எடுத்தேன். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தார் போகும் என்றார் றோசம்மாக்கா. தார் போயிற்று. பாதத் தோலும் கூட வந்தது.

அந்தோனி அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் இருந்தார். அவர்கள் வள்ளத்துக்குப் போவது இருட்டோடு. திரும்பி வந்து மீனை இறக்கினால் படுக்கை. பலகை கரையில் வெயிலில் கிடக்கும். மத்தியானத்தில் அதில் ஒருவரும் கால் வைத்ததில்லை.

"மாதாவே, வாயில்லாச் சீவனை..." திரும்பத் திரும்ப அதுதான்.

அவரில் கோபம் வரவில்லை. யாரிலாவது வந்திருந்தால் நல்லது.

செப்டம்பர் 18, புதன்

சீசரின் காலுக்குத் துணி கட்டினால் கடித்து எடுக்கிறான். பலகையைக் கண்டாலே நடுக்கம். கழுவி, தாரைச் சுரண்டி, சாக்கு விரித்தும் பார்த்தோம். கிட்ட வரமாட்டான். படியும் ஏலாது.

ஆகவே தூக்குவதுதான். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றது தொடைகளுக்குப் பின்னால். வயிற்றில் கை பட்டால் முனகுவான். அவன் கன்னம் என் தோளில் வர வேண்டும், அப்போதுதான் உதறமாட்டான். காலை, பத்து மணி, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகமுன். பிள்ளை தவழ்ந்து வாசலுக்கு வந்துவிடும் என்று அதன் இடுப்பில் பழஞ்சேலைத் துண்டு கட்டி மற்ற நுனி கட்டில் காலில். நான் சீசரோடு படியில் நிற்கும்போது பிள்ளை வீரிடும். கழுத்தில் சுற்றியிருக்குமோ. எறும்போ. திரும்பிப் பார்க்க ஏலாது, பார்த்தால் நானும் சீசரும் விழுவோம்.

முதுகு நோவு.

இவரிடம் கேட்டேன், வீட்டில் நிற்கும்போதாவது நீங்கள் தூக்கினால் என்ன.

"நான் தூக்கினால் அவன் என்ரை முகத்தைப் பாக்கிறான்."

"பாத்தால்?"

"பாத்தால்... நீர் தூக்கும்."

செப்டம்பர் 20, வெள்ளி

விட்டுப் போவதற்கு ஒத்திகை போல சீசரை இன்று முழுக்க அந்தோனி அண்ணையின் வாடியில் விட்டோம். மீன்தலைச் சோறு வைத்தார்களாம். தொடவில்லை. கட்டியிருந்த கயிறு நீளுமட்டும் வந்து, பஸ்ஸைப் பார்த்தபடி வெயிலில் கிடந்தான். நிழலுக்கு இழுத்தால் திரும்பவும் வெயிலுக்கு.

றோசம்மாக்கா: "பிள்ளை, நான் சோறு வைப்பன். ஆனால் சாகிறதைப் பாத்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. கூட்டிக்கொண்டு போம்."

இவர் அவிழ்த்து வந்தார். எத்தனை துறை, எத்தனை தரம் தூக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

சாமான் கட்டுதல். அளவுக் கருவிப் பெட்டி கட்டிலுக்குக் கீழே. பானைகள் சாக்கில். பிள்ளையின் போத்தல், கொதித்தாறிய தண்ணீர், இஞ்சி, மாற்றுத் துணி கைக்கெட்ட. சீசருக்குப் பழைய சேலை நாலாக மடித்து, வாசலுக்குப் பக்கத்தில்.

பிள்ளைக்கு இலேசாகக் காய்ச்சலோ? நெற்றி சுடவில்லை. கால் சுடுகிறது. இல்லை, ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய். வெருகல் பக்கம்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கிண்ணியாத் துறை. வரிசையில் லொறிகள், நெல் மூட்டை, சைக்கிள்கள். பாதைக்காரர் வந்து பஸ்ஸில் தட்டினார்.

"எல்லாரும் எறங்குங்க! வெறும் வண்டிதான்!"

"நாய் நடக்காது, காலிலை புண்" என்றேன்.

"நாயும் உசிருதானே, எறக்குங்க. வண்டி உருண்டா நான் ஆருக்குப் பதில் சொல்ற?"

இவர் ஸ்டியரிங்கில். என் இடுப்பில் பிள்ளை, காலடியில் சீசர். கை இரண்டுதான். முக்காடு போட்ட ஒரு பெண், கறிச்சட்டிக் கூடையோடு நின்றவர், கூடையைக் கீழே வைத்தார்.

"புள்ளயத் தாங்க. என்ட கை சும்மாதானே கிடக்கு."

முன்பின் தெரியாதவர். பிள்ளையை இதுவரை றோசம்மாக்காவிடம்கூடத் தயங்கித்தான் கொடுத்திருக்கிறேன். கொடுத்தேன். சீசரைத் தூக்கி இறங்கி, பாதையில் ஏறி, அக்கரையில் மறுபடி பஸ்ஸில் ஏற்றி முடியுமட்டும் அவர் பிள்ளையோடு என் கண் படும் இடத்திலேயே நின்றார். வேண்டுமென்றே அப்படி நின்றார் என்று பிறகுதான் விளங்கியது. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

உப்பாறு. இரண்டு அடிக்கு ஒரு தரம் சீசரைக் கீழே வைத்து எடுத்தேன். மூட்டை ஏற்றுகிற ஆட்கள் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"தங்கச்சி, எங்கட மார்க்கத்தில நாயத் தொட்டா ஏழு தரம் கழுவணும், கோவிக்காதீங்க. நீங்க சாக்கில வைங்க, நாங்க நாலு மூலையப் புடிக்கிறம்."

அப்படியே. சீசர் சாக்கின் நடுவில், தலை வெளியே. ஒருவர் முன்னால் நடந்து கூவினார்: "வெலகுங்க, வெலகுங்க, மாப்புள ஊர்வலம்!" எல்லோரும் சிரித்தார்கள். இவரும். நானும். இப்படியே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். அது எவ்வளவு நேரம் இருக்கும், பாதை அக்கரை தட்டுமட்டும்.

கங்கைத் துறை. பொழுது சாய்ந்துவிட்டது. பயணிகள் ஒருவரும் இல்லை, பாதைக்காரர் மட்டும், வயதானவர். என்னால் இனித் தூக்க ஏலாது. பிள்ளையை வாங்கவும் ஆளில்லை. கெஞ்சினேன்.

"அவனை மட்டும் உள்ளுக்கை விடுங்கோ ஐயா. எழும்பமாட்டான்."

அவர் சீசரின் பாதங்களைப் பார்த்தார். "சட்டமில்ல. சரி, கெடக்கட்டும். எறங்குங்க நீங்க."

உள்ளே வெக்கை. காற்றுப் படட்டும் என்று கதவைத் திறந்தபடி விட்டு இறங்கினேன். பஸ்ஸைப் பாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு இவரும் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கிழமையாகத் தானாக இறங்காத நாய்.

ஆற்றின் நடுவில் பார்த்தால் வாசலில் தலை. நாங்கள் இறங்கினால் அவனும் இறங்குவான். எந்தக் காட்டிலும் இவர் இறங்கி அவன் உள்ளே இருந்ததில்லை.

"சீசர், வேண்டாம்! சீசர்!" இவர் கத்தினார்.

பெயர் கேட்டது. அதுதான் அவனுக்கு விளங்கியது. வந்தான்.

பாதையின் இரும்புத் தட்டில் விழுந்த சத்தம்.

பாதைக்காரர் கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார். "நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். எங்களிடம் இல்லை, ஆற்றிடம்.

இவர்தான் தூக்கினார். முகத்தைப் பார்த்துக்கொண்டே.

செப்டம்பர் 25, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. கிணறு தூரம்.

சீசர் பஸ்ஸுக்குள், கிடத்திய இடத்திலேயே. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. நேற்று முழுக்கத் தண்ணீர் மட்டும், என் உள்ளங்கையில். கீழே நனைந்தால் துணி மாற்றுகிறேன். பிள்ளையின் துணியும் அவன் துணியும் ஒரே வாளி. பிள்ளை தவழ்ந்து போய் அவன் காதைப் பிடித்து இழுக்கிறது. விடுகிறான்.

இவர் இரண்டு நாளாக வேலை தொடங்கவில்லை. இன்று பக்கத்து வயல்காரரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். காட்டுப் பன்றி சுட வைத்திருக்கும் துவக்கு உண்டாம். விடிய வருகிறேன் என்றாராம்.

"பஸ்ஸுக்குள்ளை ஏலாது" என்றார். "இறக்கோணும்."

"ஆர் இறக்கிறது?"

இவர் அழுதார். கலியாணமாகி முதல் தரம் பார்க்கிறேன்.

நான்தான். பிடி எனக்குத்தான் தெரியும், வலிக்காமல். ஆனால் அந்த நேரம் பிள்ளை யாரிடம்? கட்டில் காலில் கட்டிவிட்டுப் போனால் துவக்குச் சத்தத்தில் தனியே கிடக்கும். இவர் கை நடுங்குகிறது. வயல்காரர் கையில் துவக்கு. இங்கே வேறு ஒருவரையும் தெரியாது.