சூடு ஆறும் வரை

அன்பு மனைவிக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். மணிக்கட்டில் ஆவி பட்டுச் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

ஒரு பெரியவர், தானும் மனைவியும் சேர்ந்து செய்த முழ நீள மாதிரி நீராவி ரயில் எஞ்சினை எங்கள் பட்டறையில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். அந்த அம்மா இறந்து நான்கு வருடமாம். கொதிகலனில் ஒழுகிய இடங்களையெல்லாம் அடைத்து, நேற்று அவர் முன்னால் நெருப்பு மூட்டினேன். எஞ்சின் அதன் சின்னத் தண்டவாளத்தில் ஒரு சுற்று ஓடியது. "போதும், நிறுத்துப்பா" என்றார்.

துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் கிளம்பவில்லை. துணிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சூடு ஆறட்டும்பா. நெருப்பு வைக்கறது எப்பவும் அவதான். நாலு வருஷமா இதைச் சில்லுனுதான் தொட்டிருக்கேன்."

பட்டறையைப் பூட்ட வந்த முதலாளி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பெரியவர் துணியிலிருந்து கையை எடுத்தார்.

உன் பழைய நூல் புடவை ஒன்றை அனுப்பு. பித்தளை துடைக்க இங்கே நல்ல துணி கிடைப்பதில்லை. கிழிக்காதே, நான் கிழித்துக்கொள்கிறேன். துவைக்கவும் வேண்டாம்.

முதலாளி கூப்பிடுகிறார். பாப்பாவுக்கு முத்தம்.

உன் வீட்டுக்காரன்