கேட் திறந்ததும் விழும் கோடு

தம்பிக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். கண்டியின் பெரிய மனநல டொக்டரே, இனி நீ கேட்டுக்கொள்.

உன் அண்ணியின் மனச்சோர்வுக்கு மூளையில் மின்தூண்டல் கொடுக்கலாம் என்று அழைத்தாய். உன் செயற்கை அறிவு மெஷின் ஆளைப் படித்து, அவரவருக்கு ஏற்ற அளவைச் சொல்லுமாம். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து எந்த டொக்டரிடமும் அவளுக்காக நான்தானே பேசுகிறேன்! குணமாகவில்லை என்றதும், "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அண்ணியே சொல்லட்டும்" என்றாய். பியூனைப் போல வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவள் மணிக்கட்டில், நாள் முழுக்க மனநிலையை அளக்குமாம், ஒரு பட்டியைக் கட்டி அனுப்பினாய். அடுத்த முறை என்னையும் வைத்துக்கொண்டே திரையில் ஒரு கோட்டைக் காட்டினாய். "பாருங்க அண்ணி, தெனமும் பின்னேரம் அண்ணன் வந்து கேட்டத் திறக்கிற நேரம் இது விழுந்துருது." நர்ஸும் எட்டிப் பார்த்தாள்.

அவள் சிரித்தாள். "இதச் சொல்ல ஒரு மெஷின் வேண்டியிருந்துச்சா தம்பி?"

இப்போது திகனயில் தன் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். மருந்தில்லாமல் தூங்குகிறாளாம். உன் வைத்தியம் பெரிய வெற்றிதான். அம்பிட்டிய வீட்டில் நான் கேட்டைத் திறந்தால் இப்போது எதுவும் விழுவதில்லை.

கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று உன் மெஷினையே கேள்.